சப்டைட்டில் தேவைப்படாத நாய்

வணக்கம். போன கிழமை அம்மா வீட்டு அலுமாரியைத் துப்பரவாக்கும்போது ஒரு பழைய வீடியோ கசெட் கிடைத்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் 'சாமத்தியவீடு' என்று எழுதியிருக்கிறது. போட்டுப் பார்த்தோம். அக்கா சேலை கட்டி நிற்கிறார், ஆராத்தித் தட்டோடு இரண்டு மாமிமார் வருகிறார்கள், திடீரென்று திரையில் ஒரு கோடு ஓடுகிறது, பார்த்தால் வியன்னா நகரத்து ட்ராம்! அதற்குப் பின்னால் நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். அக்கா இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அதன்மேல் பதிவு செய்தது நான்தான்.

அந்த நாய்தான் ரெக்ஸ். இன்று முழுக்க அதைப் பற்றித்தான்.

சிட்னியில் வளர்ந்தவர்களுக்கு எஸ்.பி.எஸ் அலைவரிசையைத் தெரியும். உலகத்து மொழிகளில் எல்லாம் நிகழ்ச்சி போடுவார்கள். அதில் 'இன்ஸ்பெக்டர் ரெக்ஸ்' வரும்; ஆஸ்திரியாவில் எடுத்த போலீஸ் தொடர், அங்கே அதன் பெயர் 'கொமிஸார் ரெக்ஸ்'. ஆட்கள் ஜெர்மன் கதைப்பார்கள், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். எங்கள் அம்மம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனாலும் அந்த நாளில் முதல் ஆளாக வந்து சோபாவில் இருப்பது அவர்தான்.

தொடர் 1994இல் தொடங்கியது. முதல் கதையில் ரெக்ஸை வைத்திருந்த போலீஸ்காரர் கொல்லப்படுகிறார். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது. கொலை வழக்குகளைப் பார்க்கும் ரிச்சர்ட் மோசர் என்ற அதிகாரி அதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறார். அவருக்கும் மணவாழ்க்கை முறிந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. சரி, இரண்டு தனிக்கட்டைகள், ஒரு வீடு. கதை அவ்வளவுதான். அம்மம்மாவுக்கு இதில் ஒரே ஒரு முறைப்பாடு: "நாயை உள்ளுக்குள்ள விட்டு வளர்க்கிறான், அவன்ரை தாய் ஒண்டும் சொல்லுறேல்லையே?" ஊரில் எங்கள் வீட்டு நாய் முற்றத்தைத் தாண்டி வந்ததே இல்லை.

துப்பறியும் கதையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்கிறேன். பல கதைகளில் கொலைகாரன் யார் என்று நமக்கு முதலிலேயே காட்டிவிடுவார்கள். உண்மையான போலீஸ் நாய் இப்படித் தனியாக ஊரைச் சுற்றி, கதவைத் திறந்து, தடயத்தைக் கவ்விக்கொண்டு வராது. ரெக்ஸ் இது எல்லாம் செய்யும், அதற்கு மேலே ஆட்களை ஏமாற்றவும் செய்யும்.

அதற்குத்தான் ஸ்டொக்கிங்கர் இருக்கிறார். மோசரின் உதவியாளர். எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கிற, முகத்தைச் சுளித்தபடியே இருக்கிற மனுசன். அலுவலகத்தில் நாய் இருப்பதே அவருக்குப் பிடிக்காது. ரெக்ஸுக்கும் அது தெரியும். வியன்னாவில் 'வூர்ஸ்ட்செமல்' என்று ஒன்று விற்பார்கள், வெள்ளைப் பணிசைக் கீறி நடுவில் சொசேஜ் துண்டு வைத்தது. 'செமல்' என்றால் அந்தப் பணிஸ்தான், வ.உ.சி.யை நினைத்துவிடாதீர்கள். அந்தச் செம்மல் வேறு. இந்தப் பணிசை ஆர் வாங்கி வந்தாலும் கடைசியில் அது ரெக்ஸின் வாய்க்குள் போகும். கொலை, கடத்தல் எல்லாம் ஒரு பக்கம் நடக்க, இந்தக் களவு இன்னொரு பக்கம் நடக்கும். அம்மம்மா வயிறு குலுங்கச் சிரித்தது இந்த இடங்களுக்குத்தான். ஸ்டொக்கிங்கராக நடித்த கார்ல் மார்கோவிக்ஸ் பிறகு 'டி ஃபெல்ஷர்' படத்தின் நாயகன். 2008இல் வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது அது. நாயிடம் தோற்பதை இவ்வளவு மரியாதையோடு நடிக்க அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

அப்புறம், நாய் எப்படி நடிக்கிறது? ரெக்ஸைப் பழக்கியவர் தெரேசா ஆன் மில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி. நாய் தலையைச் சரித்து மோசரைக் கவலையோடு பார்க்கிறது என்று நாம் உருகும் இடத்தில், கமெராவுக்குப் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரை அது பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கவலையை உண்டாக்குகிறவர் காட்சிகளை வெட்டி ஒட்டுகிற எடிட்டர்தான். குலெஷொவ் என்ற ரஷ்யத் திரைப்பட இயக்குநர் நூறு வருசத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டினார்: ஒரு நடிகரின் அதே முகத்தைக் கோப்பைச் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கம். இது தெரிந்த பிறகும் ரெக்ஸ் முனகினால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. என்ன செய்வது.

1998இல் மோசர் செத்துப்போனார். நடித்த டோபியாஸ் மொரெட்டி தொடரை விட்டு விலகினார், கதையில் அவரைக் கொன்றுவிட்டார்கள். நாங்கள் பார்த்த இரவு வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கீழே ஓடிய எழுத்தை வாசித்துக் கண் கலங்கினேன். அம்மம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இனி உந்த நாய்க்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

அவர் அதுவரை பார்த்துவந்த கதை எது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மோசருக்குப் பின் பிராண்ட்னர் என்று ஒரு இளம் அதிகாரி வந்தார். அம்மம்மா அவரை ஏற்க இரண்டு கிழமை எடுத்தது, ரெக்ஸுக்கு முதல் பணிசைக் கொடுத்த பிறகுதான் மனம் இளகினார். பிறகு இன்னொருவர். 2004இல் வியன்னாக் கதை முடிந்து, 2008இல் இத்தாலிக்காரர்கள் ரெக்ஸை ரோமுக்குக் கூட்டிப் போனார்கள். 2019இலிருந்து கனடாவில் 'ஹட்சன் அண்ட் ரெக்ஸ்' என்று ஆங்கிலத்திலும் வருகிறது. நாய் நல்ல வடிவு. ஆனால் எனக்கு நாலு எபிசோடுக்கு மேல் போகவில்லை. ஆட்கள் சொல்வது எல்லாம் விளங்குகிறது, அதனால் ஆட்களையே கவனிக்கிறேன், நாயை விட்டுவிடுகிறேன்.

அதனால் நேற்று இரவு ஒரு வேலை செய்தேன். பழைய மோசர் கதை ஒன்றைப் போட்டு, சப்டைட்டிலை நிறுத்திவிட்டு, அம்மம்மா இருந்தது போல் கால் மடித்து இருந்து பார்த்தேன். எனக்கும் ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. கொலை ஏன் நடந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை. ஸ்டொக்கிங்கரின் பணிஸ் எங்கே போனது என்று மட்டும் நன்றாக விளங்கியது.