கரண்ட் வைத்தோம் என்று எழுதாதீர்கள்

வணக்கம் நேயர்களே. கொஞ்ச நாள் முன்பு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். நான் மருத்துவமனையில் பிசியோவாக இருக்கிறேன் என்று பேச்சு வந்ததும், தோசை வைக்க வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டார். "நானும் பி.பி.டி.தான் அக்கா" என்றார். பிசியோதெரபியில் நாலரை வருடப் பட்டப்படிப்பு, மதுரையில் மூன்று வருட வேலை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே பிசியோவாகப் பதிவு செய்ய ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். "பரீட்சை ரொம்பக் கஷ்டமாமே அக்கா."

கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் சொன்ன கதை அது. அங்கே எழுத்துத் தேர்வு உண்டு. பிரிட்டனில் எல்லோரும் எழுதியாக வேண்டிய தேர்வு என்று ஒன்று கிடையாது. ஆனால் பிசியோக்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் ஏறாமல் 'பிசியோதெரபிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் தங்கள் தகுதி வரையறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் மேலும் விவரம் கேட்பார்கள். கூடவே ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும்.

சரி, அப்புறம் எங்கே மாட்டுகிறோம்? முதலில் காகிதத்தில். நான் விண்ணப்பித்தபோது, படித்த கல்லூரியே நிரப்பி முத்திரை போட வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்த வார்டில் பயிற்சி, எல்லாம் அதில் வர வேண்டும். என் கல்லூரி அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றே நாலு மாதம் ஓட்டினார்கள். போதாததற்கு, நம் நாட்டில் பிசியோக்களையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் தேசியச் சட்டம் வந்ததே 2021இல்தான். அதற்கு முன்னால் படித்தவர்களிடம் 'உங்கள் நாட்டில் உங்களைப் பதிவு செய்த கவுன்சில் எது' என்று கேட்டால் என்ன சொல்வது?

காகிதத்தையாவது துரத்திப் பிடித்துவிடலாம். அனுபவத்தை எழுதிக் காட்டச் சொல்லும் இடத்தில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். அன்று சாப்பாட்டு மேசையிலேயே அந்தப் பெண்ணை ஒரு நோயாளியைப் பற்றி எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டார். இடுப்பு வலி, நாற்பத்தைந்து வயது, நாங்கள் பத்து நாள் ஐ.எஃப்.டி. என்ற மின்சாரச் சிகிச்சை கொடுத்தோம், வலி குறைந்தது. ஊர் பாஷையில் சொன்னால், கரண்ட் வைத்தோம்.

"ஏன் கரண்ட்?"

"டாக்டர் எழுதிக் கொடுத்தார் அக்கா."

எனக்கு என் பழைய விண்ணப்பம் ஞாபகம் வந்தது. நானும் இப்படித்தான் எழுதினேன். இங்கே 1977இலிருந்தே என்ன சிகிச்சை என்பதை பிசியோ தானே முடிவு செய்யலாம். மருத்துவர் சொன்னார் என்பது பதிலாகாது. அதைவிட, இடுப்பு வலிக்கு ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற இன்னொரு மின்சாரச் சிகிச்சை எதுவும் கொடுக்க வேண்டாம் என்று, சிகிச்சை முறைகளுக்கு வழி சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஊர் கிளினிக்கில் அந்தக் கரண்ட் பெட்டி இல்லாவிட்டால் நோயாளி அடுத்த கடைக்குப் போய்விடுவார், அது வேறு விஷயம்.

"சரி, அந்த நோயாளி உள்ளே வந்தப்போ நீ என்ன பார்த்தே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு கொட்டினார். அவர் தறி ஓட்டுகிறவர். உட்கார்ந்தால் வலி, நடந்தால் குறைகிறது. கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்றெல்லாம் இந்தப் பெண் கேட்டிருக்கிறார். குனியப் பயந்தவரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைத்திருக்கிறார். இத்தனையும் செய்தவர் எழுதியது கரண்டை மட்டும்! 'நாங்கள்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து 'நான்' என்று மாற்றச் சொன்னேன். அவருக்கு அது அகங்காரமாகப் பட்டது. பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அந்தத் தறிக்காரர் அவர்களுக்கு எப்படித் தெரிவார்?

பதிவு வரும்வரை வார்டில் உதவியாளராகச் சேரலாம். அதற்குப் பதிவு தேவையில்லை. டிகிரி வைத்துக்கொண்டு உதவியாளரா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என் முதல் வாரத்தில் ஒரு தாத்தா "மை நீ இஸ் கிவிங் மீ ஜிப்" என்றார். என் கண் தானாக அவர் கால்சட்டை ஜிப்புக்குப் போனது. முட்டி வலி உயிரை எடுக்கிறது என்று சொல்லியிருக்கிறார், பாவம். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஏழரை வாங்கியவள் நான்.

அந்தப் பெண் மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறார். கல்லூரி முத்திரைக்காக அவர் அப்பா வரும் திங்கட்கிழமை பஸ் ஏறுகிறார். முழு நாளும் அங்கேயே உட்காரத் தயாராகப் போகச் சொல்லியிருக்கிறேன்.