ஏசித் தண்ணீரை கம்ப்யூட்டருக்கு ஊற்றலாமா?

போன வாரம் கோவில்பட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, பிசிக்கு வாட்டர் கூலிங் போட்டிருக்கிறேன். அதற்கென்று விற்கிற கலர் கூலன்ட் யானை விலை. ஏசியில் சொட்டும் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், காருக்கு ஊற்றும் கூலன்ட், தேங்காய் எண்ணெய், இதில் எது நன்றாகக் குளிர வைக்கும்? வீட்டில் இருக்கும் சாமானை வைத்தே சோதிக்க முடியுமா?"

புதியவர்களுக்கு: வாட்டர் கூலிங் என்றால், சிப்பின் சூட்டை ஒரு திரவம் வாங்கிக்கொண்டு, பம்ப் தள்ளத் தள்ளக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வருவது. அந்தத் திரவம்தான் கூலன்ட். தேங்காய் எண்ணெய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு, அது எத்தனை டிகிரி பின்தங்கும் என்று யோசிக்க ஆரம்பித்து, அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. காலையில் எழுந்து எடைக்கல்லைத் தேடினேன்.

பழைய ஆட்களுக்கு என் அரைக்கிலோ எடைக்கல்லைத் தெரியும். அப்பாவின் மளிகைக் கடையில் இருந்த வார்ப்பிரும்புக் கல். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். கல்லை நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். கல் 100 டிகிரிக்கு வந்துவிடும். வெளியே எடுத்து, சட்டென்று துணியில் துடைத்து, சோதிக்க வேண்டிய திரவம் அரைக்கிலோ இருக்கும் தெர்மோகோல் டப்பாவில் இறக்குங்கள். லிட்டர் கணக்கு வேண்டாம், தராசில் எடை போட்டு எடுங்கள். மெதுவாகக் கலக்கி, வெப்பமானி எதுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கல் கொண்டுவரும் சூடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குறைவாக ஏறுகிற திரவம், அதிகச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் திரவம். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

30 டிகிரியில் தொடங்கினால் தண்ணீர் கணக்குப்படி 36.8க்கு வர வேண்டும். எனக்கு 36தான் வந்தது. துடைக்கிற நேரத்தில் கல் கொஞ்சம் ஆறிவிடுகிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கார் கூலன்ட் 38ஐ நெருங்கியது. தேங்காய் எண்ணெய் 42ஐத் தாண்டிவிட்டது. ஏசித் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், எங்கள் வீட்டு போர் தண்ணீர் மூன்றுக்கும் என் வெப்பமானியில் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றும் தண்ணீர்தானே.

ஒரு எச்சரிக்கை. கார் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை, குழந்தை எதன் வாய்க்கும் எட்டக் கூடாது. அதைத் தொட்ட டம்ளர் மறுபடி சமையல்கட்டுக்குப் போகக் கூடாது. நான் ஒரு முறை கழுவி அடுக்கி வைத்துவிட்டு வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

சரி, இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு தெரியும்? சிப் 300 வாட் சூட்டைத் தள்ளுகிறது, பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சுற்றுகிறது என்று வையுங்கள். தண்ணீர் உள்ளே போய் வெளியே வருவதற்குள் 4.3 டிகிரி ஏறும். பாதிக்குப் பாதி கார் கூலன்ட் ஏறக்குறைய 5 டிகிரி ஏறும். ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ரேடியேட்டரில் படிந்த தூசியைத் துடைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய் பாவம், அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அடியில் சின்ன ஓட்டை போட்ட பாட்டிலில் தண்ணீரையும் எண்ணெயையும் தனித்தனியாக ஒரே அளவு ஊற்றி, காலியாகும் நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகும் எண்ணெய் அசைந்துகொண்டே இருக்கும். பம்புக்கும் அதே கதிதான். போதாததற்கு 24 டிகிரி வாக்கில் அது உறைய ஆரம்பித்துவிடும். ஏசியை 20இல் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் குழாய்க்குள் வெள்ளையாக நெய் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

எது நன்றாகக் குளிர வைக்கும் என்ற கேள்விக்கு, ஆக, தண்ணீர் என்பதுதான் பதில். இதை முன்பும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தம்பி, நீங்கள் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம். ஊற்றிய திரவம் ஆறு மாதம் கழித்து என்ன ஆகியிருக்கும்? சூட்டைச் சுமப்பது மட்டுமே முக்கியம் என்றால் 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் தண்ணீர்தான் இருந்திருக்கும். அதில் சர்க்யூட் பலகைகளையே ஃபுளோரினெர்ட் என்ற திரவத்தில் முக்கி வைத்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் அது தண்ணீர் சுமக்கும் சூட்டில் கால்வாசிதான் சுமக்கும். இருந்தும் ஏன் எடுத்தார்கள்? மின்சாரம் கடத்தாது, பாகங்களை அரிக்காது. திரவத்தை அது செய்யும் வேலையைவிட, செய்யாத சேட்டைக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேட்டையைக் கண்டுபிடிக்க எடைக்கல் உதவாது. ஹார்லிக்ஸ் பாட்டில்தான் வேண்டும். ஒரு செம்புக் கம்பியையும் ஒரு அலுமினியத் துண்டையும் முறுக்கிச் சேர்த்து, பாட்டிலுக்கு ஒரு ஜோடி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு திரவம் ஊற்றி மூடி வையுங்கள். முதல் தடவை நான் ஜன்னல் சேனலில் வெட்டிய அலுமினியத்தைப் போட்டேன். ஒன்றரை மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அது அனோடைஸ் செய்த துண்டு, மேலே தோல் போட்டிருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் போட்ட பிறகுதான் வேடிக்கை தொடங்கியது.

போர் தண்ணீர் பாட்டிலில் மூன்றாவது வாரமே அலுமினியத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. துடைத்தால் அடியில் ஊசி குத்திய மாதிரிப் பள்ளங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். தண்ணீரில் உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். கார் கூலன்ட் பாட்டிலில் இரண்டு மாதம் கழித்தும் இரண்டு உலோகமும் அப்படியே இருந்தன. நம் ஊரில் தண்ணீர் உறையாமல் காக்க கிளைக்கால் எதற்கு என்று கேட்பார்கள். அதோடு சேர்த்துக் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. திரவம் ஊற்றி மூடியே விற்கிற கம்ப்யூட்டர் கூலர்கள் பலவற்றில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒன்றாக இருந்தும் பிரச்சினை இல்லாமல் ஓடுவது இந்த மருந்தால்தான்.

பாசி பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். அலுமினியம் இருக்கும் இடத்தில் போடவே போடாதீர்கள். ஒரு டம்ளரில் மயில்துத்தத்தையும் ஒரு சிட்டிகை உப்பையும் கரைத்து அலுமினியத் துண்டைப் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் செம்பு சிவப்பாகப் படியும், அலுமினியம் கரைந்து ஓட்டையாகும்.

இப்போது ஏசித் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் இருநூறு முந்நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 15 காட்டுகிறது. எங்கள் போர் தண்ணீர் 900. அதனால்தான் பாதிப் பேர் அதைப் பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள். ஆனால் மீட்டர் உப்பைத்தான் பார்க்கும், கிருமியைப் பார்க்காது. அறையில் பறந்த தூசி முழுக்க ஏசியின் ஈரக் காயிலில் ஒட்டி, அதைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. ஜன்னலோரம் வைத்த பாட்டில் நாலு வாரத்தில் பச்சை. அலமாரிக்குள் வைத்தது பச்சையாகவில்லை, ஆனால் அடியில் கொழகொழவென்று ஏதோ. அந்தக் கொழகொழப்பு, சிப்பின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கின் மயிரிழைப் பள்ளங்களில் போய் அடைத்தால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அதற்குப் பதில் எலக்ட்ரிக் கடையில் பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு தண்ணீர் ஒரு கேன் வாங்குங்கள். அதில் வாட்டர் கூலிங்குக்கென்றே வரும் அரிப்பு, பாசித் தடுப்பு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் போதும். பேட்டரி ஆசிட் கேன் பக்கத்திலேயே இருக்கும், பெயரைப் படித்து எடுங்கள்.

டிஸ்டில்டு தண்ணீர்தானே, ஒழுகினாலும் ஷார்ட் ஆகாது என்று மட்டும் நம்ப வேண்டாம். நானும் நம்பினேன். ஒரு மதர்போர்டு போயிற்று. ஊற்றும்போது 1 காட்டிய தண்ணீர், உள்ளே பற்றவைக்கும்போது பூசிய சாலிடர் ஃபிளக்ஸ் மிச்சத்தையும் உலோகத்தையும் தொட்டுத் தொட்டு, கழற்றியபோது 60 காட்டியது. அன்றிலிருந்து புது ரேடியேட்டர் வந்தால் சூடான டிஸ்டில்டு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கொட்டி, மீட்டர் வைப்பேன். எண் ஏறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப. சாதாரணமாக நாலைந்து தடவை ஆகும்.

கூலன்ட் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு செம்பருத்தி வைத்தியமும் உண்டு. இதழ்களைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, அந்தச் சாறில் கூலன்டைச் சில சொட்டு விடுங்கள். அமிலமானால் ரோஸ் நிறம், காரமானால் பச்சை. கிளைக்கால் பழசாகிக் கெட்டால் அமிலப் பக்கம் சாயும், அதனால் வாங்கிய அன்று ஒரு தடவையும் பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவையும் பார்த்து வைப்பது நல்லது. கலர் கூலன்டில் இது ஒன்றும் தெரியாது. கலருக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு இருக்கும் கடுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

தம்பி, உங்கள் ரேடியேட்டர் செம்பா அலுமினியமா என்று நீங்கள் எழுதவில்லை. காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டிலும் ஒட்டாது. ஃபேன் மறைக்கிற இடத்தில் ரேடியேட்டரின் மெல்லிய தகடு (ஃபின்) ஒன்றில் பெயின்ட்டை ஊசியால் லேசாகச் சுரண்டுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் நான் சொன்னபடி ஊற்றலாம். வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியமாக இருக்கலாம், ஊற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.