பின்மனைக்கு வழி எங்கே? கலிஃபோர்னியாவின் ஃபிளாக் லாட் கணக்கு

[திரையில்: 50 அடி அகலம், 150 அடி ஆழமுள்ள ஒரு செவ்வகம். தெருவோரம் ஒரு பழைய வீடு, பின்னால் வெறும் புல்வெளி.]

7,500 சதுர அடி மனை. நம்மூர்க் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். முன்னால் வீடு இருக்கிறது, பின்பாதி சும்மா கிடக்கிறது. அதைத் தனி மனையாகப் பிரித்தால் என்ன? கலிஃபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் பலர் இதை யோசித்திருப்பார்கள். யோசித்ததும் முதலில் இடிப்பது ஒரே விஷயம்தான்: பின்மனைக்குத் தெரு இல்லை.

[திரையில்: செவ்வகத்தின் வலது ஓரமாக, தெருவிலிருந்து பின்பக்கம் வரை ஒரு குறுகிய பட்டை நிறம் மாறுகிறது.]

அதனால் பக்கவாட்டில் ஒரு பட்டையை வெட்டிப் பின்மனையோடு சேர்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கம்பத்தில் கட்டிய கொடி மாதிரி இருக்கும். இதுதான் ஃபிளாக் லாட். பட்டைக்குக் கம்பம் என்று பெயர், வீடு கட்டும் பகுதிக்குக் கொடி.

முன்பெல்லாம் இப்படிப் பிரிக்க நகரத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். பொது விசாரணை நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஆட்சேபிப்பார். எஸ்.பி. 9 என்ற மாநிலச் சட்டம் இதை மாற்றியது. 2021 செப்டம்பரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார், 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நகர்ப்புறத்தில், தனிவீடு மட்டும் கட்டலாம் என்றிருந்த மண்டலத்தில் ஒரு மனையை இரண்டாக்கலாம். விதிகளுக்குப் பொருந்தினால் விசாரணை இல்லாமலே நகரம் அனுமதி தர வேண்டும். உரிமையாளர் அந்த இடத்தில் 3 ஆண்டு குடியிருக்கப்போவதாக உறுதிமொழி தர வேண்டும். வாடகைக்காரர் கடந்த 3 ஆண்டுக்குள் குடியிருந்த வீட்டை இதற்காக இடிக்க முடியாது.

நகரங்கள் எல்லாம் இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டன என்று நினைக்காதீர்கள். வுட்சைட் என்ற பணக்கார ஊர், ஊர் முழுவதும் மலைச்சிங்கத்தின் வாழிடம், அதனால் எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது! மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா கடிதம் எழுதிய பிறகு பின்வாங்கியது.

சரி, நம் மனைக்கு வருவோம். சட்டத்தில் இரண்டு எண்கள் முக்கியம். புதிய மனை ஒவ்வொன்றும் குறைந்தது 1,200 சதுர அடி இருக்க வேண்டும். அதோடு எந்த மனையும் மூல மனையில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நமக்கு அது 3,000 சதுர அடி.

[திரையில்: தெருவிலிருந்து 80 அடியில் ஒரு குறுக்குக் கோடு. கம்பத்தின் அகலம் 20 அடி.]

கம்பத்துக்கு 20 அடி அகலம் விடுவதாக வைத்துக்கொள்வோம். தெருவிலிருந்து 80 அடியில் குறுக்கே வெட்டினால் முன்மனைக்கு மிஞ்சுவது 30 அடிக்கு 80 அடி, அதாவது 2,400 சதுர அடி. 32 சதவீதம்தான், தேறாது. கோட்டை 100 அடிக்குத் தள்ளினால்தான் முன்மனை சரியாக 3,000 ஆகும். இப்போது கம்பம் மட்டுமே 2,000 சதுர அடியை விழுங்கிவிட்டது. கொடிக்கு மிச்சம் 50-க்கு 50. மொத்த மனையில் கால் பங்குக்கும் மேல் வெறும் வண்டிப்பாதை!

அதுவும் முன்வீடு இடம் கொடுத்தால்தான். 40 அடி அகல வீடு நடுவில் உட்கார்ந்திருந்தால் இருபுறமும் 5 அடிதான் இருக்கும். கம்பம் போகவே வழியில்லை. கராஜையோ வீட்டின் ஒரு பக்கத்தையோ இடிக்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் என் பார்வையில் பலருக்கு ஈஸ்மென்ட், அதாவது பத்திரத்தில் எழுதிப் பதியும் வழியுரிமை, நல்ல தேர்வு. நிலம் முன்மனைக்கே சொந்தம், அதன் மேல் போய்வரும் உரிமை மட்டும் பின்மனைக்கு. இரண்டு மனையும் ஆளுக்கு 3,750 என்று நேராகப் பிரியும். சட்டத்தின்படி பின்மனை தெருவைத் தொட வேண்டும் என்றோ, தெருவை அடைய வழி இருக்க வேண்டும் என்றோ நகரம் கேட்கலாம். வழியுரிமை போதுமா என்பதை உங்கள் நகரத்தின் விதியில் முதலில் பாருங்கள். போதுமென்றால் பாதையைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதையும் அதே பத்திரத்தில் எழுதிவிடுங்கள். பின்னாளில் சண்டை அங்கேதான் வரும்.

[திரையில்: தெருவில் தீயணைப்பு வண்டி. அதிலிருந்து பின்வீட்டின் கோடி மூலை வரை ஒரு கோடு நீள்கிறது.]

சரி, 20 அடி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தீயணைப்பு விதியிலிருந்து. வண்டி போகும் பாதை 20 அடி அகலம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. வீட்டுச் சுவரின் எந்த இடமும் அந்தப் பாதையிலிருந்து நடந்துபோகும் வழியாக அளந்தால் 150 அடிக்குள் இருக்க வேண்டும். நம் மனையின் ஆழமே 150 அடி என்பதால் தெருவிலேயே வண்டியை நிறுத்தினால் பின்வீட்டின் கோடி மூலை எட்டாமல் போகலாம். வண்டியை உள்ளே விட்டாலோ, முட்டுப்பாதை 150 அடியைத் தாண்டும்போது திரும்ப இடமும் தர வேண்டும். ஆனால் வீட்டில் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு, இருந்தால் தீயணைப்பு அதிகாரி இந்தத் தூரத்தைத் தளர்த்தலாம். கலிஃபோர்னியாவில் 2011 முதல் புது வீடுகளுக்கு அது கட்டாயம் என்பதால், குறுகிய கம்பத்துக்கு அங்கே பேச இடமுண்டு.

உரிமையாளருக்குச் சாதகமாக இன்னொரு பிடியும் இருக்கிறது. நகரம் தன் அளவு விதிகளைக் காட்டி, தலா 800 சதுர அடியில் வீடு கட்ட முடியாதபடி தடுக்க முடியாது. பக்கத்திலும் பின்னாலும் 4 அடிக்கு மேல் இடம் விடச் சொல்லவும் முடியாது.

2024-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நீதிமன்றம், சொந்தச் சாசனம் கொண்ட, அதாவது தன் நிர்வாக விதிகளைத் தானே வகுத்துக்கொண்ட, ஐந்து நகரங்களின் வழக்கில் இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் எஸ்.பி. 450 என்ற திருத்தச் சட்டத்தின் மூலம், நகரங்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி எஸ்.பி. 9-ஐ வலுப்படுத்தியது. இப்போது முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு.

கடைசியாக, பலர் மறக்கும் இரண்டு. வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், அடமானத்தில் இருப்பது முழு மனை அல்லவா. அப்புறம் சாக்கடைக் குழாய். அது கம்பத்துக்கு அடியிலேயே தெருவரை போக வேண்டும். பின்பக்கம் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் கழிவுநீர் தானாக ஓடாது, பம்பு வைக்க வேண்டும். சர்வேயரிடம் வரைபடம் போடச் சொல்லும் முன், லெவல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.