பலகையை எரிய விட்டால் மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். ரூட் 66 என்பது அமெரிக்காவின் ஒரு பழைய நெடுஞ்சாலை. அதைப் பற்றிப் பேசும் யாரும் நியான் பலகைகளில்தான், அதாவது ஒளிரும் கண்ணாடிக் குழாய்ப் பலகைகளில்தான் தொடங்குவார்கள். நான் அந்தப் பலகைகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தச் சாலையில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் டுக்கும்காரி என்று ஒரு சிற்றூர். அங்கே 'ப்ளூ ஸ்வாலோ' மோட்டல், அதாவது காரில் வருபவர்கள் தங்கும் சாலையோர விடுதி. அறையை ஒட்டியே கார் நிறுத்தும் கொட்டகை, வாசலில் நீல நியானில் ஒரு தகைவிலான் குருவி. 1958இல் லில்லியன் ரெட்மன் என்ற பெண்மணிக்கு அது நிச்சயதார்த்தப் பரிசாக வந்தது. கையில் காசில்லாமல் வந்தவர்களுக்கும் அவர் அறை கொடுத்தார். நாற்பது வருடம் நடத்தினார்.

அந்தக் குருவியும் கைவேலைதான். கண்ணாடிக் குழாயை நெருப்பில் இளக்கி, சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். அப்புறம் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயுவை அடைப்பார்கள். நியான் என்றால் செம்மஞ்சள். ஆர்கானோடு துளி பாதரசம் சேர்ந்தால் நீலம். ஒரு குழாய் உடைந்தால் அதே வளைவை மறுபடி கையால்தான் செய்தாக வேண்டும்.

1956இல் புதிய நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் வந்தது. அவை ஊர்களுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போயின. சாப்பாட்டுக் கடைகளும் மோட்டல்களும் வரிசையாகப் படுத்துவிட்டன. 1985இல் ரூட் 66 என்ற பெயரையே நாட்டின் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அரிசோனாவின் செலிக்மன் ஊரில் ஏஞ்சல் டெல்கடியோ என்ற முடிதிருத்துபவர் சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களைத் திரட்டி 1987இல் சங்கம் தொடங்கினார். பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக மாநில அரசை ஏற்கவும் வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த வெளிச்சம் எல்லாரையும் வரவேற்கவில்லை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ளக் கறுப்பினப் பயணிகள் 1936 முதல் வெளிவந்த 'கிரீன் புக்' கையேட்டைக் காரில் வைத்துக்கொண்டு போனார்கள். பழைய சாலையின் அழகை மட்டும் பேசிவிட்டு இதை விடுவது நியாயமில்லை.

இன்று பலகைகளைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் பலகையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கலிபோர்னியாவின் அம்பாய் என்ற பாலைவன ஊரில் 'ராய்ஸ்' மோட்டலின் பலகை 2019இல் மறுபடி எரிந்தது. அன்றைக்கும் அதன் பின்னால் இருந்த மோட்டல் அறைகள் மூடித்தான் கிடந்தன.