தாலாட்டுபவருக்கு ஒரு நாற்காலி

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பேசுகிறவர் உட்காரத்தான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று பேசப்போவதே இதைப் பற்றித்தான். இதோ, முதுகுச் சட்டத்தின் உச்சியை ஒரு விரலால் லேசாகத் தள்ளுகிறேன். பாருங்கள், கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. வீட்டிலுள்ள மரச்சாமான்களில் வேறெதுவும் ஆள் போன பிறகும் ஆள் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

ஆடுநாற்காலி என்றதும் நம் மனத்தில் ஒரு முதியவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மடியில் போர்வை, மூக்கில் கண்ணாடி. சினிமாவும் கேலிச்சித்திரங்களும் பழக்கிவிட்ட படம் அது. அந்தப் படத்தில் பாதி உண்மை இருக்கிறது. விடுபட்டுப்போன மறுபாதியைச் சொல்லத்தான் வந்தேன்.

நாற்காலிக்கு முன்னால் தொட்டில். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியில் ஹெர்குலேனியம் என்ற நகரம் புதைந்தது. அங்கே தோண்டியபோது கரியாகிப்போன மரச்சாமான்களுக்கு நடுவே ஒரு குழந்தைத் தொட்டில் கிடைத்தது. அதன் அடியில் வளைந்த கட்டைகள் இருந்தன. ஆக, வளைந்த கட்டை தரையில் உருண்டால் அழுகிற பிள்ளை அடங்கும் என்பது குறைந்தது 1,900 ஆண்டுகளுக்கு முன்பே மனிதருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டையை ஒரு நாற்காலிக்கு அடியில் மாட்டிப் பார்க்க 18ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. பிள்ளையை ஆட்டுகிறவருக்கும் உடம்பு வலிக்கும் என்று யோசிக்க எவ்வளவு காலம் எடுத்திருக்கிறது, பாருங்கள்! எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. ஒரு பெரிய மனிதரின் திடீர் யோசனையில் வந்த பொருளாக இது தெரியவுமில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இருந்த தச்சர்கள், வீட்டிலிருந்த சாதாரண நாற்காலியையே வாங்கி, காலின் அடியைப் பிளந்து, வளைகட்டையைச் செருகிக் கொடுத்தார்கள். பழைய நாற்காலி கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். முதலிலிருந்தே ஆடுவதற்கென்று செய்திருந்தால், கட்டை செருகும் இடத்தில் காலைப் பருமனாக விட்டிருப்பார்கள். பின்னால் மாட்டியது என்றால் கால் மெலிந்தபடியே இருக்கும், பிளந்த இடத்தில் அநேகமாக ஒரு விரிசலும் ஓடும். அந்த விரிசலை நான் குறையாகப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, அவசரமாக ஒரு நாற்காலி தேவைப்பட்டிருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

பாலூட்டுகிற தாய்மாருக்கென்றே செய்த ஆடுநாற்காலிகள் உயரம் குறைவு, பலவற்றுக்குக் கைகள் கிடையாது. பிள்ளையை ஏந்திய முழங்கை இடிக்கக் கூடாதே! இன்னொரு வகை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் செய்தது. அது ஒரு நீள பெஞ்சு. இருக்கையின் ஒரு பாதிக்கு முன்னால் கழற்றி மாட்டக்கூடிய சின்ன வேலி. வேலிக்குப் பின்னால் பிள்ளை தூங்கும், பக்கத்தில் தாய் உட்கார்ந்து தையலோ வேறு வேலையோ செய்வாள். அவள் காலால் உந்தினால் இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். தொட்டிலும் நாற்காலியும் ஒரே பலகையில்.

பிறகு ஷேக்கர்கள் வந்தார்கள். ஆடம்பரத்தை ஒதுக்கிக் கூட்டாக வாழ்ந்த கிறித்தவச் சமூகத்தார். தங்களுக்குள் முதியவர்களுக்கும் உடல்நலமற்றவர்களுக்கும் என்று செய்யத் தொடங்கிய நாற்காலிகள், நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனானில் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. 0 முதல் 7 வரை எண்ணிட்டு அளவுவாரியாக விற்றார்கள். 0 என்பது குழந்தைக்கு. 1876இல் பிலடெல்பியா உலகக் கண்காட்சியிலும் வைத்தார்கள். கண்ணை மூடி ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும், மரத்தை எங்கே குறைக்கலாம் என்று எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் மிகேல் தோனெட் என்ற தச்சர் வேறு வழியில் போனார். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து, 1860 வாக்கில் அவர் கொண்டுவந்த ஆடுநாற்காலியில் அடிக்கட்டையும் கையும் ஒரே கோடாகச் சுருண்டு ஓடும்.

ஆடுநாற்காலி எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. 1830களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஹேரியட் மார்ட்டினோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, விடுதிக் கூடத்தில் பெண்கள் ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு வேகத்தில் ஆடிக்கொண்டிருப்பதைக் காணவே தலை சுற்றுகிறது என்று எழுதினார். அமைதி என்றால் அசையாமல் இருப்பது என்று பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்.

அமைதிக்கு அசைவே உதவுகிறது என்பதை இப்போது அளந்தே பார்த்துவிட்டார்கள். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 12 ஆண்களை, நான்கு விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் பகலில் தூங்க வைத்தார்கள். அசையாத கட்டிலில் தூங்கியதைவிட விரைவாகத் தூக்கம் வந்தது. 2019இல் 18 பேரை வைத்து இரவு முழுக்கச் சோதித்தபோதும் தூக்கம் சீக்கிரம் வந்தது, ஆழ்ந்த தூக்கமும் கூடியது. ஆட்டத்தை உணர்வது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. பாட்டி சொல்லத் தேவையில்லாமல் செய்த காரியத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்கிறது.

நாற்காலி கவிழாமல் ஆடுவது எப்படி? அடிக்கட்டை ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தை முழுதாக மனத்தில் வரைந்தால் அதன் மையம் காற்றில் எங்கோ நிற்கும். நாற்காலியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை, அடிக்கட்டையின் வளைவுக்குள் எவ்வளவு சாய்ந்தாலும் எடையே நம்மைத் திரும்ப இழுத்துவரும். வளைவு கொஞ்சம் கூடினால் ஆட்டம் சோம்பிப்போகும். தட்டையானால் படபடவென்று ஆடும். நல்ல தச்சர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சின் வேகத்தைத் தேடுகிறார். கலிபோர்னியாவின் சாம் மாலூஃப் ஆயுள் முழுக்கத் தேடினார். மெல்லிய மரச்சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடிக்கட்டையை வளைத்தார். வெள்ளை மாளிகை வரை போனது அவர் நாற்காலி.

வெள்ளை மாளிகை என்றதும் கென்னடி ஞாபகம் வரும். முதுகுவலியால் துன்பப்பட்ட அவருக்கு மருத்துவர் ஜேனட் டிராவல் ஆடுநாற்காலியைப் பரிந்துரைத்தார். ஆடும்போது முதுகுத் தசைகள் மாறி மாறி இறுகித் தளர்கின்றன. ஒரே நிலையில் விறைத்துப்போவதில்லை. அப்போது அவர் முதியவரா? ஜனாதிபதியானபோது வயது 43.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் பிளாஸ்டிக் இருக்கைக்கு அடியில் கம்பியும் மரக்கட்டையும் வைத்து உருவாக்கிய ஆடுநாற்காலி 1950இல் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்த ஹெர்மன் மில்லர் நிறுவனம், ஊழியர் வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த நாற்காலியைப் பரிசாகக் கொடுத்தது. தொட்டிலைக் கொடுக்கவில்லை, நாற்காலியைக் கொடுத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கப்போகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த நாற்காலியின் வலக்கையை மட்டும் பக்கத்தில் வந்து பாருங்கள். முன்முனையில் மெருகு போய் மரம் வெளுத்திருக்கிறது. இடக்கையில் அப்படி இல்லை. இடக்கையில் பிள்ளையை ஏந்தி, வலக்கையால் பிடித்துப் பிடித்து எழுந்த தேய்வு என்று நான் நம்புகிறேன்.

கூட்டம் முடிந்ததும் மேலே வந்து ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்க்கலாம். கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், அது தானாகச் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்கும். பிறகு கட்டைவிரலால் தரையை ஒருமுறை உந்துங்கள், போதும். சுற்றி நிற்கிறவர்கள் மட்டும் அடிக்கட்டையிலிருந்து கால்விரலை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.