கைப்பையைப் பார்த்து வந்த காதல்: சிறுவர் தொடர்களில் இனம் கடந்த ஜோடிகள்

[திரையில்: ஒரு மேசை, அதன் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன கைப்பை]

ஒரு பையன் கைப்பை ஒன்றைக் கண்டெடுக்கிறான். யாருடையது என்று தெரியாது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க, இதைச் சுமந்து திரிந்த பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று கற்பனை செய்கிறான். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனாலும் காதல் வந்துவிடுகிறது. கடைசியில் பார்த்தால், அவன் ஏற்கெனவே பழகிப் பிரிந்த பெண்ணின் பைதான் அது.

'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' என்ற அமெரிக்கத் தொடரில் 1997-ல் வந்த கதை இது. பையன் ஷான், வெள்ளையினத்தவன். பெண் ஏஞ்சலா, கறுப்பினத்தவள். இருவரும் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர்களின் நிறத்தைப் பற்றித் தொடர் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்த பதின்வயதுக்காரர்கள் பலருக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றியிருக்காது. அந்த மௌனம் நல்லதா, கெட்டதா? இந்த வீடியோ முழுக்க என்னைத் துரத்துகிற கேள்வி அதுதான்.

அந்த மௌனம் ஏன் ஒரு காலத்தில் வெற்றியாகத் தெரிந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

[திரையில்: 1958, வர்ஜீனியா]

நள்ளிரவு தாண்டிய நேரம். ஷெரிஃப் ஒருவர் ஆட்களோடு ஒரு வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைகிறார். உள்ளே தூங்கிக்கொண்டிருப்பது ரிச்சர்டு லவ்விங், மில்ட்ரெட் லவ்விங். சட்டப்படி திருமணம் செய்தவர்கள், ஆனால் வேறு ஊரில்போய்ச் செய்தவர்கள். அவர் வெள்ளையர், மில்ட்ரெட் வெள்ளையர் இல்லை. வர்ஜீனியாவில் அதுவே குற்றம். 25 வருடம் மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 ஜூன் 12-ல்தான் இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு 16 மாநிலங்களில் அந்தத் தடை இருந்தது. அலபாமா தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்த வரியை எடுத்தது 2000-ல். அதாவது ஷானும் ஏஞ்சலாவும் திரையில் காதலித்த நாட்களில், ஒரு மாநிலத்தின் ஏட்டில் அவர்களுக்கு எதிரான வாசகம் இன்னும் அழியாமல் இருந்தது.

ஹாலிவுட்டும் சளைத்ததில்லை. 1930-களிலிருந்து படங்களுக்கு இருந்த ஒழுக்க விதிகளில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டவே கூடாது என்று தனியாக எழுதி வைத்திருந்தார்கள். தொலைக்காட்சி அந்தப் பயத்தோடுதான் வளர்ந்தது. 1968 நவம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வெள்ளையரான கேப்டன் கிர்க்கும் கறுப்பினப் பெண்ணான உஹூராவும் முத்தமிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் கதையில் அவர்கள் விரும்பி முத்தமிடவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் மனோசக்தியால் பொம்மை மாதிரி ஆட்டுவிக்கிறார்கள். அப்படி ஒரு சாக்கு தேவைப்பட்டது.

1975-ல் 'தி ஜெஃபர்சன்ஸ்' தொடரில் டாம், ஹெலன் என்று கல்யாணமான ஜோடியே வந்தது. ஹெலனாக நடிக்க வந்த ராக்சி ரோக்கரிடம், வெள்ளையர் ஒருவருக்கு மனைவியாக நடிப்பதில் சங்கடம் உண்டா என்று கேட்டார்களாம். அவர் பதிலுக்குத் தன் கணவரின் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். கணவர் வெள்ளையர்தான். எழுதுகிறவர்கள் தயங்கிக்கொண்டிருந்த வாழ்க்கையை நடிகை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்.

இவையெல்லாம் பெரியவர்களுக்கான தொடர்கள். பிள்ளைகள் பார்க்கிற தொடர்களுக்கு இந்தப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது, 'பிரச்சினை எபிசோட்' என்ற உருவத்தில் வந்தது.

[திரையில்: பள்ளி நடைபாதை, லாக்கர்கள்]

கனடாவின் 'டெக்ராஸி ஜூனியர் ஹை' நல்ல உதாரணம். 1980-களின் கடைசி. மிஷல் வெள்ளையினப் பெண். பிஎல்டி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் கறுப்பினத்தவன். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. இந்தத் தொடர் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு, ஏனென்றால் எதிர்ப்பை ஊரில் உள்ள யாரோ முரடன் தலையில் கட்டாமல், வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஆனால் இதே அச்சில் பிறகு வந்த பல தொடர்கள் அந்தத் துணிச்சலை விட்டுவிட்டு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒரு வாரம் கலப்பு ஜோடி வரும், யாராவது முகம் சுளிப்பார்கள், யாராவது பேசித் திருத்துவார்கள், அடுத்த வாரம் அந்த ஜோடியே இருக்காது. பார்க்கிற குழந்தைக்கு என்ன பதியும்? இப்படிப் பழகினால் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம் என்பதுதான்.

அதனால்தான் 1997-ன் மௌனம் நிம்மதியாக இருந்தது. அதே வருடம் நவம்பர் 2-ல் ஏபிசி சேனலில் 'சின்ட்ரெல்லா' ஒளிபரப்பானது. கறுப்பினப் பாடகி பிராண்டி நாயகியாக நடித்தது. ராஜா வெள்ளையர், ராணி கறுப்பின நடிகை ஹூப்பி கோல்ட்பெர்க், அவர்கள் பெற்ற இளவரசனாக மணிலாவில் பிறந்த பாவ்லோ மொன்டல்பான். சித்தி வெள்ளையினம், அவளுடைய இரண்டு மகள்களில் ஒருத்தி கறுப்பினம், இன்னொருத்தி வெள்ளையினம். யாரும் எதையும் விளக்கவில்லை. ஏறக்குறைய 6 கோடிப் பேர் பார்த்தார்கள். கண்ணாடிச் செருப்பை நம்புகிற குழந்தை அந்தக் குடும்பத்தையும் நம்பிவிடுகிறது. தேவதைக் கதைக்கு அந்த மௌனம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பள்ளிக்கூடத்தில் நடக்கிற கதைக்கு அது பொருந்துமா?

ஏஞ்சலாவாக நடித்த டிரினா மெக்கீ 2020-ல் வெளிப்படையாக எழுதினார்: படப்பிடிப்புத் தளத்தில் தன் நிறத்தைக் குத்திக்காட்டும் வார்த்தைகளைக் கேட்க வேண்டியிருந்தது என்று. தொடரின் கடைசி எபிசோடில் ஏஞ்சலா இல்லை. திரையில் யாரும் பேசாத விஷயத்தை, கேமராவுக்குப் பின்னால் அவர் தினமும் சுமந்திருக்கிறார். இதைப் படித்த பிறகு அந்தக் கைப்பைக் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. பைக்குள் இருந்ததையெல்லாம் ஷான் ரசித்தான், சரி. ஒரு கறுப்பினப் பெண்ணாக அந்தப் பள்ளியில் இருப்பது எப்படி என்று அவளிடம் யாராவது ஒருமுறை கேட்டிருக்கலாமே.

[திரையில்: கூடைப்பந்து, மேடை விளக்கு]

அப்புறம் 2006 ஜனவரி. டிஸ்னி சேனலின் 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்'. வெள்ளையினப் பையன் ட்ராய், அவன் காதலி கேப்ரியெல்லா. நாயகியாக நடித்த வனெசா ஹட்ஜென்ஸின் அம்மா பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். சந்தோஷமான விஷயம். ஆனால் நடுவில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். ட்ராயின் நண்பன் சாட், கறுப்பினம். கேப்ரியெல்லாவின் தோழி டெய்லர், கறுப்பினம். இருவருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஷார்பே என்ற வெள்ளையினப் பெண்ணை விரும்பும் ஸீக் என்ற கறுப்பினப் பையனும் இருக்கிறான். அவன் சுட்ட குக்கீயைச் சாப்பிட்டுவிட்டு அவள் ஓடிவந்து பாராட்டுவது படத்தின் கடைசியில் ஒரு சிரிப்புக் காட்சி. அடுத்த பாகத்தில் அவள் மறுபடி ட்ராய் பின்னால் போகிறாள். ஸீக்கின் காதல் குக்கீயோடு முடிந்துவிடுகிறது.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறத்தைப் பேசவே மாட்டோம் என்று முடிவெடுத்த கதையில், நிறம் ஜோடி சேர்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: கலப்பு ஜோடி என்று திரையில் வந்தால், இருவரில் ஒருவர் பெரும்பாலும் வெள்ளையினம். மற்ற இரண்டு இனங்கள் தங்களுக்குள் காதலிப்பதைப் பிள்ளைகள் திரையில் பார்ப்பது அரிது.

பெற்றோர் பக்கம் கதை கொஞ்சம் சுலபமாக நகர்ந்தது. 2005-ல் வந்த 'அமெரிக்கன் டிராகன்' கார்ட்டூனில் ஜேக்கின் அம்மா சீன வம்சாவளி, அப்பா வெள்ளையர். அம்மா வீட்டு ரகசியமான டிராகன் சமாச்சாரம் அப்பாவுக்கு மட்டும் ரொம்ப நாள் தெரியாது. 2016-ல் 'தி லவுட் ஹவுஸ்' தொடரில் கிளைட் என்ற பையனுக்கு இரண்டு அப்பாக்கள், ஒருவர் கறுப்பினம், ஒருவர் வெள்ளையினம். 2021-ல் வந்த 'தி கோஸ்ட் அண்ட் மோலி மெக்கீ' கார்ட்டூனில் மோலியின் அம்மா தாய்லாந்து வம்சாவளி, அப்பா வெள்ளையர்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒரு சாப்பாட்டு மேசையில் நடக்கிறது.

[திரையில்: நீளமான மேசை, ஒரு பக்கம் மிகப் பெரிய நிழல்]

'ஸ்டீவன் யூனிவர்ஸ்' கார்ட்டூன், 2014-ல் வந்த எபிசோட். ஸ்டீவனின் தோழி கானி மகேஸ்வரன். ஆமாம், மகேஸ்வரன். அம்மா டாக்டர் பிரியங்கா, கண்டிப்பானவர். மகள் யாரோடு பழகுகிறாள் என்று பார்க்க, ஸ்டீவனின் பெற்றோரைச் சந்தித்தே ஆக வேண்டும் என்கிறார். ஸ்டீவனுக்கு அம்மா இல்லை. அவனை வளர்ப்பது மூன்று வேற்றுக்கிரகப் பெண்கள். கானியோ, அவனுக்கு அப்பா அம்மா என்று வழக்கமான குடும்பம் இருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். மூவரில் யாரை அம்மாவாகக் காட்டுவது? மூவரும் ஒன்றாக இணைந்து, ஆறு கையுள்ள ராட்சத உருவமாக மேசைக்கு வந்து உட்கார்கிறார்கள். சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் அந்தப் பெற்றோரின் கவலை எவ்வளவு நிஜமானது! தோலின் நிறத்தை அவர்கள் கேட்கவில்லை. வீட்டில் யார் யார், பிள்ளையை யார் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பண்பாட்டைக் கேலி செய்யாமல், பாடமும் எடுக்காமல், அந்த வீட்டு மனிதர்களாகவே பேசவிட்டது அந்தத் தொடர்.

2020-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. தேவி விஸ்வகுமார், அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண். நடித்தவர் கனடாத் தமிழரான மைத்ரேயி ராமகிருஷ்ணன். பாக்ஸ்டன் பாதி ஜப்பானிய வம்சாவளி, பென் யூதர். தேவி யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று நான்கு சீசன் இழுத்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்கச் சொல்வது அவள் அம்மா நளினியை. கணவனை இழந்த தோல் மருத்துவர். அவர் மனம் போவது கிறிஸ் ஜாக்சன் என்ற கறுப்பின மருத்துவரிடம். நடுவில் ஒரு வெள்ளையரும் இல்லாத காதல். அங்கே கனப்பது நிறமில்லை, நளினியின் துக்கம். கணவன் போன காயம் ஆறுவதற்குள் இது சரியா என்ற தவிப்பு, அதைப் பார்த்துக் கொதிக்கிற மகள். காதலிக்கிற அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடும் ஒரு கடந்த காலமும் இருக்கின்றன. ஏஞ்சலாவுக்குக் கிடைக்காதது இதுதான்.

[திரையில்: மாலைகள், நாற்காலி வரிசை]

2023-ல் வந்த கடைசி எபிசோடில் ஒரு கல்யாணம் நடக்கிறது. மணப்பெண் தேவியின் பாட்டி நிர்மலா. மாப்பிள்ளை லென், வெள்ளையினத்து முதியவர். பேத்தியின் காதல் ஒரு முடிவுக்கு வருவதும் அந்தக் கல்யாணத்தில்தான். பாட்டி மாலையோடு நிற்கிறார், மருமகளும் பேத்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.