புகை தின்ற நுரையீரலும் பூட்டி வைத்த முடிவுகளும்

அவைத் தலைவர் அவர்களே, இந்தத் தலைப்பை எனக்கு ஒதுக்கித் தந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீக்காயச் சிகிச்சை மருத்துவர்களே, கால்நடை மருத்துவப் பேராசிரியர்களே, பணியை முடித்துச் சீருடையோடு நேரே இங்கு வந்திருக்கும் தீயணைப்புத் துறை நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். தலைவர் தம் முன்னுரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அவருடைய அன்பின் கணக்கில் எழுதிவிடுகிறேன்; மீதிப் பாதிக்கு நன்றி கூறுகிறேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணம். புகை நுரையீரலை என்ன செய்கிறது என்பது முதலாவது. அதற்கான மருந்துகளை விலங்குகளிடம் சோதித்ததில் என்ன கிடைத்தது என்பது இரண்டாவது. விலங்குகள் இல்லாமலே சோதிக்கும் புதிய வழிகள் மூன்றாவது. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்று தெரியும்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். விலங்காய்வின் முழு நம்பிக்கையும் இந்தப் பழமொழியின்மேல்தான் நிற்கிறது.

1942ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்தது. சுமார் 460 பேருக்கு இடமிருந்த அந்த விடுதியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தார்கள். தரைக்குக் கீழிருந்த மதுக்கூடத்தில், துணியாலும் செயற்கை ஓலையாலும் ஆன அலங்காரத்தில் பற்றிய தீ, சில நிமிடங்களில் படியேறி மேல்தளத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் தாம் உள்ளே வந்த வழியையே தேடி ஓடினார்கள். அந்த வழியில் இருந்ததோ ஒரு சுழல் கதவு. இரு பக்கமும் ஆட்கள் நெருக்க அது அசையாமல் நின்றுவிட்டது. வேறு கதவுகளில் சில பூட்டியிருந்தன. சில உட்புறமாகத் திறப்பவை, கூட்டம் முட்டித் தள்ளத் தள்ள மேலும் இறுக மூடிக்கொண்டன. மாண்டவர்கள் 492 பேர். மருத்துவர்களைத் திகைக்க வைத்தது மற்றொன்று: தோலில் பெரிய காயம் ஏதுமின்றி வந்த சிலர் முதலில் தேறுவதுபோல் தெரிந்து, பிறகு மூச்சடைத்து இறந்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உயிரோடு சேர்க்கப்பட்ட 39 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்த விரிவான குறிப்புகள், உள்ளே இழுத்த புகையே ஒரு தனிக் காயம் என்பதை உலகுக்கு உணர்த்தின. இந்தக் கதையை நான் நீட்டிவிட்டேன் என்று தலைவர் நினைக்கலாம்; கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தினமும் மன்றாடும் தீயணைப்பு நண்பர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

அதே நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மோரிட்ஸும் அவருடைய குழுவினரும் 1945இல் நாய்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். வறண்ட சூடான காற்றின் வெப்பம் பெரும்பாலும் தொண்டை அளவிலேயே தணிந்துவிடுகிறது என்றும், நீராவிதான் சூட்டை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது என்றும் அது காட்டியது. ஆகவே நுரையீரலின் அடிப்பகுதியைக் கெடுப்பது பெரும்பாலும் அனல் அன்று. புகையிலுள்ள அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் குளோரைடு போன்ற நச்சுகளே. கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இரத்தத்தின் வழியே உடல் முழுவதையும் தாக்குவது தனிக் கணக்கு.

பிற்காலத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் செம்மறியாடுகளைக் கொண்டு இந்த ஆய்வு ஆழமாக வளர்ந்தது. ஆட்டை மயக்கத்தில் ஆழ்த்தி, பஞ்சுத் துணியை எரித்த புகையை ஆறவைத்து, அளந்து மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார்கள். மூச்சுக்குழாய்ச் சுவருக்கான இரத்த ஓட்டம் பல மடங்கு பெருகுவதும், நீர் கசிவதும், உரிந்த செல்களும் சளியும், இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதமான ஃபைப்ரினும் சேர்ந்து குழாயின் வடிவத்திலேயே இறுகி அடைப்பதும் தெளிவாயின. ஃபைப்ரின் உறைவதைத் தடுக்க ஹெப்பாரினையும், சளியை இளக்க அசிட்டைல்சிஸ்டைனையும் நெபுலைசர் வழியே கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தவை அந்த ஆடுகள்தாம். 1998இல் 90 குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. ஆனால் அது முந்தைய ஆண்டுகளின் நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு. ஹெப்பாரினை மட்டும், யாருக்கு மருந்து யாருக்கு இல்லை என்று முறையாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்க முனைந்த ஓர் ஐரோப்பிய ஆய்வோ, 13 நோயாளிகளே சேர்ந்த நிலையில் நின்றுபோனது. புகையால் புண்பட்ட நுரையீரலுக்கென்று உறுதிப்பட்ட தனி மருந்து இன்றும் இல்லை. ஆக்சிஜனும், குழாயைத் தூய்மை செய்வதும், வென்டிலேட்டரும், பொறுமையான செவிலியர் பணியுமே சிகிச்சை.

ஒரு சோறு பதம் என்றால், அது அதே பானைச் சோறாக இருக்க வேண்டுமல்லவா? செம்மறியாட்டின் நுரையீரல் நாளங்களுக்குள் நம்மிடம் இயல்பாக இல்லாத ஒருவகைக் காவற்செல்கள் குடியிருந்து, அழற்சியைப் பெருக்கிவிடுகின்றன. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். புகையின் ஒரு பகுதியை மூக்கே வடிகட்டிவிடும். ஆய்வுக்கூட ஆடு இளமையும் நலமும் உள்ளது, மருந்தும் அதற்கு உடனே கிடைக்கிறது. தீயிலிருந்து மீட்கப்படுபவரோ முதியவராக இருக்கலாம், புகைபிடிப்பவராக இருக்கலாம், வந்து சேரவே நேரமாகியிருக்கலாம்.

விலங்காய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. 1974இல் வெப், டியர்னி ஆகிய இருவர், மிகை அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் எலியின் நுரையீரல் ஒரு மணி நேரத்துக்குள் நீர் கோத்துக் கெடுவதைக் காட்டினார்கள். அந்தத் தடத்தில் சென்று 2000ஆம் ஆண்டில் வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகளிடம் சோதித்தபோது, குறைந்த அளவு காற்றைச் செலுத்தும் முறை இறப்பை 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காட்டுக்குக் குறைத்தது. இடையில் கழிந்த 26 ஆண்டுகளைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

இங்கேதான் என் பழைய வழக்கைத் தொடுக்கிறேன். வெந்த சோற்றை மட்டும் எடுத்துக் காட்டி, வேகாததை மறைத்துவிட்டால் அந்தப் பதத்துக்கு என்ன மதிப்பு? மருந்து பலித்த ஆடுகள் ஆய்விதழுக்குப் போகின்றன. பலிக்காத ஆடுகள் அலமாரிக்குப் போகின்றன. அடுத்த ஆய்வுக்கூடம் அதே தோல்வியைத் தேடி இன்னொரு மந்தையைப் பலி கொடுக்கிறது. மனிதர்களிடம் நடக்கும் மருந்தாய்வை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் வெளியிடமாட்டோம் என்று மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2004இலேயே அறிவித்தார்கள். விலங்காய்வுக்கும் 2019இல் ஜெர்மனியின் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம் ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்தது. ஆனால் அதில் பதிவது அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தைக் கடமையாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மூன்றாவது செய்திக்கு, விலங்குக்குப் பதிலாகச் சோதிக்க 'சிப்' எனும் சிறு சில்லின்மேல் வளர்க்கும் நுரையீரல் செல்களைப் பற்றிய படங்களோடு வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டேன். படங்களை விட்டுவிட்டுத் தீர்மானத்தை மட்டும் முன்மொழிகிறேன்: எந்த விலங்காய்வும் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் அதன் திட்டம் பதியப்பட வேண்டும், முடிந்து ஓராண்டுக்குள், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், முடிவு வெளியாக வேண்டும், மீறுவோருக்கு அடுத்த அனுமதி மறுக்கப்பட வேண்டும். வழிமொழிபவர் யாரென்று தலைவர் அவையைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.